தூரதேசம் போய் வந்தவர் பேசும் மாலை

1852-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், லண்டன் மாநகரின் பிக்கடிலி வீதியிலிருந்த எகிப்திய மண்டபம் என்னும் காட்சிசாலையில், ஆல்பர்ட் ஸ்மித் என்ற எழுத்தாளர், முந்திய ஆண்டு ஆகஸ்டில் தாம் ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மோன் பிளாங் சிகரத்தில் ஏறி இறங்கிய வரலாற்றை, டிக்கெட் வாங்கி வந்தமர்ந்த பொதுஜனங்களுக்கு வாய்மொழியாகச் சொல்லத் தொடங்கினார். வைத்தியம் படித்துவிட்டுப் பத்திரிகை எழுத்தில் இறங்கிவிட்ட அவர், மலையேறுவதையே வாழ்க்கையாகக் கொண்டவர் அல்லர். அவரும் உடன் சென்ற மூன்று இளைஞர்களும் ஏறியபோது பதினாறு வழிகாட்டிகளும், அவர்களுக்கு மேல் சுமை தூக்குவோரும், 46 கோழிகளும், நூற்றுக்குச் சற்றே குறைந்த மதுப் புட்டிகளும் கூடவே ஏறின. ஆயினும் மண்டபத்தில் அவர் நடத்திக் காட்டிய நிகழ்ச்சி அதற்கு முன் லண்டன் கண்டிராத புதுமையாக இருந்தது. வில்லியம் பெவர்லி என்ற ஓவியர் தீட்டிய பெருந்திரைச் சித்திரம், ஏற்றத்தின் வருணனை வரும் கட்டத்தில் உருளைகளின் உதவியால் மேலிருந்து கீழாக நகர, நாற்காலியில் அமர்ந்திருந்தவர்கள் தாங்களே பனிச்சரிவில் ஏறிச் செல்வதுபோல் உணர்ந்தார்கள். ஆறு ஆண்டுகளில் ஏறத்தாழ 2,000 முறை அந்நிகழ்ச்சி நடந்தது. விக்டோரியா மகாராணியாரும் கண்டு களித்தார். மலையேறுவோருக்கென்று உலகில் முதன்முதலாக ஏற்பட்ட ஆல்பைன் கிளப் 1857-இல் லண்டனில் தோன்றியதற்கு வேறு காரணங்கள் பலவுண்டு. ஆனால் சாதாரண ஆங்கிலேயக் குடும்பங்களில் மலைச்சிகரத்தின் மீது மோகத்தை விதைத்ததில் அந்த மண்டபத்துக்குப் பெரும் பங்கு இருந்தது.

தொலைதூரத் தேசங்களுக்கும், மனித வாசனையே படாத பனிவெளிகளுக்கும் சென்று மீண்டவர்கள், ஊரிலேயே இருந்தவர்களை ஒரு மண்டபத்தில் கூட்டி, கண்டதையும் பட்டதையும் படங்களோடு எடுத்துச் சொல்லும் இந்தச் சம்பிரதாயம், அன்று முதல் இன்று வரை மேல்நாடுகளில் அறுபடாமல் நடந்து வருகிறது. நம் நாட்டில் பாகவதர் ஒருவர் ஸ்ரீராமனுடன் காட்டுக்கே சபையைக் கூட்டிச் சென்றுவிடுவதைப் போல, அந்தப் பிரயாணியும் சபையைத் தம்முடன் கூட்டிச் செல்கிறார். ஆனால் பாகவதர் பிறர் கதையைச் சொல்கிறார், பிரயாணியோ தம் கதையைத் தாமே சாட்சியாக நின்று சொல்கிறார். சாட்சியாக நிற்பவரைக் குறுக்கு விசாரணை செய்யலாம். அந்த உரிமை கேட்பவருக்கு இருப்பதனால்தான் இத்தகைய மாலைகள் பொழுதுபோக்கு என்ற நிலையைக் கடந்து, அறிவுக்கும் ஒழுக்கத்துக்கும் உரிய ஒரு பொது நிகழ்ச்சியாக மதிப்புப் பெறுகின்றன என்பது என் கருத்து.

முதலில் இது எவ்வாறு நடைபெற்றது என்பதைச் சொல்லிவிடுகிறேன். திரைப்படம் தோன்றுவதற்கு முன், மேடைப் பிரயாணியின் முக்கிய கருவி மாஜிக் லாந்தர் என்ற படவிளக்கு. ஏறத்தாழ மூன்றேகால் அங்குலச் சதுரமான கண்ணாடித் தகடுகளில் புகைப்படத்தைப் பதித்து, பல வேளைகளில் அதன்மேல் கையால் வர்ணம் தீட்டி, விளக்குக்கும் லென்ஸுக்கும் நடுவே செருகினால், சுவரில் கட்டிய வெள்ளைத் துணியில் அப்படம் ஆளுயரத்துக்கு மேலாக விரியும். பெரிய மண்டபங்களில் எண்ணெய் விளக்கின் ஒளி போதாமையால், பிராணவாயுவும் ஜலவாயுவும் சேர்ந்தெரியும் சுவாலையைச் சுண்ணாம்புக் கட்டியின் மேல் பாய்ச்சி, அக்கட்டி வெண்ணிறமாகச் சுடர்விடும் ஒளியைப் பயன்படுத்தினார்கள். மின்சாரம் வந்தபின், அந்த வாயுக்கள் வெடிக்கும் அபாயம் நீங்கிற்று. பிரசங்கி கையிலிருந்த கோலால் தரையில் ஒரு தட்டுத் தட்ட, பின்னால் நின்ற உதவியாளர் அடுத்த தகட்டை மாற்றுவார். தட்டும் பேச்சும் இசைந்து போகும்படி பழகிக்கொள்வதே ஒரு தனிக் கலையாக இருந்தது.

மேடைக்கு விஞ்ஞான கௌரவத்தை அளித்தவை பூகோள சங்கங்கள். லண்டனில் 1830-இல் ஸ்தாபிக்கப்பட்ட ராயல் ஜியாகிராபிகல் சொஸைட்டியின் மாலைக் கூட்டங்களில், பிரயாணி தாம் கண்ட நதியையும் மலையையும் பற்றிய கட்டுரையை வாசிப்பார். பிறகு அந்தப் பிரதேசத்தை அறிந்த மற்றவர்கள் எழுந்து ஆட்சேபிப்பார்கள், ஆமோதிப்பார்கள், சந்தேகம் கேட்பார்கள். 1864-ஆம் ஆண்டு செப்டம்பர் 16-ஆம் தேதி பாத் நகரில் கூடிய பிரிட்டிஷ் விஞ்ஞான மகாசபையின் பூகோளப் பிரிவில், நைல் நதி பிறக்குமிடம் விக்டோரியா ஏரியே என்று கூறிய ஜான் ஸ்பீக்கும், அதை ஏற்க மறுத்த அவருடைய பழைய பிரயாணத் தோழர் ரிச்சர்டு பர்ட்டனும் நேருக்கு நேர் நின்று வாதிப்பதாக ஏற்பாடாகியிருந்தது. அதற்கு முந்திய நாள் பிற்பகல் வேட்டைக்குப் போன இடத்தில் தம் துப்பாக்கியே வெடித்து ஸ்பீக் மாண்டுபோனார் என்ற செய்திதான் கூடியிருந்த சபைக்குக் கிடைத்தது. விக்டோரியா ஏரியிலிருந்து நைல் புறப்படுகிறது என்ற அவருடைய கூற்றைப் பின்வந்தவர்கள் நிரூபித்தார்கள்.

சபையார் ஏமாந்த சந்தர்ப்பங்களும் உண்டு. 1909 செப்டம்பரில், வடதுருவத்தை அடைந்துவிட்டதாகக் கூறிக்கொண்டு கோபன்ஹேகன் துறைமுகத்தில் வந்திறங்கிய அமெரிக்க வைத்தியர் பிரடெரிக் குக்கை அந்நகரமே திரண்டு வரவேற்றது. டேனிஷ் பூகோள சங்கம் அவரை மேடையேற்றிக் கௌரவித்தது. அதே வருஷம் டிசம்பரில், அவர் சமர்ப்பித்த குறிப்புகளைப் பரிசீலித்த கோபன்ஹேகன் சர்வகலாசாலையின் குழு, துருவத்தை அடைந்ததற்கு அவற்றில் ஆதாரமில்லை என்று தீர்ப்புக் கூறிற்று. கைதட்டல் எவ்வளவு பலமாக இருந்தாலும் ஆதாரத்துக்கு ஈடாகாது என்பதை ஒரு நாடே நான்கு மாதத்துக்குள் கற்றுக்கொண்டது.

துருவ யாத்திரைகளின் காலத்தில் பிரசங்க மேடைக்கு இன்னொரு காரியமும் சேர்ந்தது. கடன் தீர்ப்பதே அது. எர்னஸ்ட் ஷாக்கிள்டன் 1909 ஜனவரி 9-ஆம் தேதி தென்துருவத்துக்கு ஏறத்தாழ 180 கிலோமீட்டர் தூரத்தில், உணவு போதாது என்ற ஒரே காரணத்தால், உயிரோடு திரும்புவதே மேலெனத் தீர்மானித்துத் திரும்பினார். ஊர் வந்து சேர்ந்ததும் அவரை எதிர்கொண்டது புகழும் கடனும். பிரிட்டிஷ் அரசாங்கம் 20,000 பவுன் மானியம் அளித்தும், பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நகரம் நகரமாகச் சென்று அவர் பேசவேண்டியிருந்தது. அடுத்த யாத்திரையில் அவருடைய ‘எண்டூரன்ஸ்’ கப்பல் வெட்டல் கடலின் பனிக்கட்டிகளில் சிக்கி நொறுங்கி, 1915 நவம்பர் 21-ஆம் தேதி மூழ்கிப்போயிற்று.

அந்தக் கப்பல் மூழ்குமுன் நடந்த ஒரு சம்பவத்தை, மேடையையும் படத்தையும் பற்றிப் பேசும் எவரும் மறக்கலாகாது. புகைப்படக்காரர் பிராங்க் ஹர்லி, சிதைந்த கப்பலின் உட்புறத்தில் நிறைந்திருந்த பனிச்சேற்று நீரில் இறங்கி மூழ்கி, தகரப் பெட்டிகளில் அடைத்து வைத்திருந்த கண்ணாடி நெகட்டிவ்களை மீட்டார். ஆனால் அத்தனையையும் சுமந்துகொண்டு உயிர் பிழைக்க முடியாது. ஆகையால் ஷாக்கிள்டனும் ஹர்லியும் பனிமேல் அமர்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, வேண்டியவற்றைத் தனியே வைத்து, பிறகு மனம் மாறி எடுத்துக்கொள்ள ஆசை வராதபடி, ஏறத்தாழ 400 தகடுகளை அங்கேயே உடைத்தெறிந்தார்கள். எஞ்சிய நூற்றுச்சொச்சம் தகடுகளும், கொஞ்சம் திரைப்படச் சுருளும் எலிபண்ட் தீவில் 22 மனிதரோடு காத்துக் கிடந்தன. ஷாக்கிள்டன் ஐந்து தோழரோடு ஒரு திறந்த படகில் ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் கடல் கடந்து தென் ஜார்ஜியா தீவை அடைந்து, கடைசியில் 1916 ஆகஸ்டு 30-ஆம் தேதி அந்த 22 பேரையும் ஒருவர் குறையாமல் மீட்டார்.

மகாயுத்தம் முடிந்தபின், 1919 டிசம்பர் தொடங்கிச் சுமார் ஐந்து மாத காலம், லண்டன் பில்ஹார்மோனிக் மண்டபத்தில் ஷாக்கிள்டன் நாளொன்றுக்கு இரண்டு முறை அந்தப் படங்களைக் காட்டிப் பேசினார். தம் கப்பல் பிளந்து சாய்ந்து பாய்மரங்கள் ஒடிந்து விழுவதை, தினமும் இருமுறை, திரையருகே நின்று விவரிக்க வேண்டிய நிலைமை அவருக்கு நேர்ந்தது. கடன் கொடுத்தவர் தரப்பினர் படத்தின் உரிமையையே கோரிப் பெற்றுவிட்டபடியால், அந்த உழைப்பினால் அவர் கைக்கு வந்ததும் சொற்பமே. யாத்திரிகரின் உரையைக் கேட்டுவிட்டு வீடு திரும்புகிறவர்கள், அவர் பேசும் பேச்சுக்குப் பின்னால் இத்தகைய ஒரு சுமை இருக்கக்கூடும் என்பதை நினைத்துப் பார்ப்பது அரிது.

சாகசப் பிரசங்கங்களின் சரித்திரத்தில் எனக்கு எல்லாவற்றிலும் உயர்ந்ததாகத் தோன்றுவது, டிக்கெட்டும் கைதட்டலும் இல்லாமல், உலகத்தின் தென்கோடியில் நடந்த ஒரு தொடர். 1911-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், அண்டார்க்டிகாவின் எவன்ஸ் முனையில் காப்டன் ஸ்காட்டும் அவருடைய கூட்டத்தாரும் ஒரு மரக் குடிசையில் அடைந்து கிடந்தார்கள். ஏப்ரல் இறுதியில் அஸ்தமித்த சூரியன் ஆகஸ்டு இறுதியில்தான் மீண்டும் தலைகாட்டும். அந்த நான்கு மாத இருளில் மனம் தளர்ந்துவிடாமலிருக்க, வாரத்தில் குறிப்பிட்ட சில மாலைகளில், சாப்பாட்டுக்குப் பின் யாரேனும் ஒருவர் தாம் அறிந்த விஷயத்தைப் பற்றிப் பேசுவதென்று ஏற்பாடு செய்தார்கள். எட்வர்டு வில்சன் அண்டார்க்டிகப் பறவைகளைப் பற்றிப் பேசினார். சிம்ப்ஸன் வானிலை இயலையும், டெபென்ஹாம் பாறைகளையும், பவர்ஸ் பனிச்சறுக்கு வண்டிப் பிரயாணத்தின் உணவு அளவுகளையும் விளக்கினார்கள். பேச்சில் கூச்சமுள்ள குதிரைப் படை அதிகாரி ஓட்ஸ், குதிரைகளைப் பராமரிப்பதைப் பற்றிப் பேசிச் சபையை மகிழ்வித்தார். சீனத்துக்கும் திபெத்துக்கும் இடைப்பட்ட லோலோ மக்களின் நாட்டில் தாம் சென்ற யாத்திரையை மியர்ஸ் வருணித்தார். புகைப்படக்காரர் ஹெர்பர்ட் பாண்டிங்கோ, தாம் கொண்டுவந்திருந்த படவிளக்கை ஏற்றி, பர்மாவையும் ஜப்பானையும் இந்தியாவையும் அந்தப் பனிக் குடிசைக்குள் கொண்டுவந்தார்.

இதைச் சிந்தித்துப் பார்க்கவேண்டும். உலகத்தார் எவர் இடத்தைப் பற்றிக் கேட்க ஆவலாயிருந்தார்களோ, அந்த மனிதர்களே வெளியில் பனிப்புயல் வீச, உள்ளே அமர்ந்து, வெயில் காயும் தேசங்களைப் பற்றிக் கேட்க ஆவலாயிருந்தார்கள். அங்கே எவரும் வீரனாக நடிக்க இடமில்லை. பேசுபவரின் பலமும் பலவீனமும் கேட்பவருக்குத் தெரியும். தவறாகச் சொன்னால் அடுத்த கட்டிலிலிருந்து திருத்தம் வரும். அதனால்தான் பேச்சு முடிந்தபின் நடந்த விவாதங்கள் நெடுநேரம் நீண்டன. அந்த மாலைகளில் பேசியவர்களில் ஸ்காட், வில்சன், பவர்ஸ், ஓட்ஸ் ஆகிய நால்வரும், எட்கார் எவன்ஸ் என்ற கடற்படை வீரரோடு தென்துருவத்தை அடைந்து, 1912-இல் திரும்பும் வழியில் மாண்டார்கள். பாண்டிங் எடுத்த படங்கள் எஞ்சின. 1914-இல் அவர் அவற்றை லண்டனில் காட்டிப் பேசினார், பக்கிங்ஹாம் அரண்மனையிலும் பேசினார். தோழர்களின் நினைவைக் காப்பதே அவருடைய பிற்கால வாழ்க்கையின் தொழிலாயிற்று.

துருவத்தை ஸ்காட்டுக்கு முன்பாக அடைந்த நார்வேக்காரர் ரோவால் அமுண்ட்சென், 1912 நவம்பர் 15-ஆம் தேதி லண்டன் குவீன்ஸ் மண்டபத்தில் ராயல் ஜியாகிராபிகல் சொஸைட்டியின் முன் பேசினார். அதற்கு மூன்று நாள் முன்புதான், உலகின் மறுகோடியில், ஸ்காட்டின் கூடாரத்தையும் சடலங்களையும் தேடிச் சென்றவர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். அச்செய்தி லண்டனுக்கு எட்டியது 1913 பிப்ரவரியில். அந்த நவம்பரில் சங்கத்தின் தலைவர் கர்ஸன் பிரபு, தம்மைப் பாராட்டுவதற்குப் பதில் தம் நாய்களுக்கு ஜே போடச் சொன்னதாக அமுண்ட்சென் 1927-இல் தம் சுயசரிதையில் எழுதினார். சங்கம் அதை மறுத்தது. விருந்தாளியைக் கூப்பிட்டு மேடையில் ஏற்றிய பிறகு அவர் மனம் நோகாமல் அனுப்பி வைப்பதும் இந்த மாலைகளின் தர்மத்தில் சேர்ந்ததே.

இனி, மேடையில் நிற்காதவர்களைப் பற்றிச் சொல்லவேண்டும். குமாவோன் மலைநாட்டைச் சேர்ந்த நயின் சிங், சர்வே இலாகாவின் ஏற்பாட்டில் யாத்திரிகர் வேஷம் பூண்டு, 100 மணிகள் கோத்த ஜபமாலையில் நூறு காலடிக்கு ஒரு மணியாகத் தள்ளித் தூரத்தைக் கணக்கிட்டு, பிரார்த்தனைச் சக்கரத்துக்குள் குறிப்புச் சீட்டுகளை ஒளித்து, நேபாளத்திலிருந்து லாசா வரை நடந்து அளந்தார். 1868-இல் அந்த யாத்திரையின் விவரத்தை லண்டன் சங்கத்துக்கு எடுத்துரைத்தவர் அவருடைய மேலதிகாரி மாண்ட்கமெரி; ரகசியத்தைக் காப்பதற்காக நடந்தவரின் பெயரையே மறைத்து, ‘பண்டிட்’ என்று மட்டும் குறித்தார்கள். 1877-இல் அச்சங்கம் நயின் சிங்குக்குத் தங்கப் பதக்கம் அளித்தது. லண்டன் மேடையில் அவர் குரல் ஒருபோதும் ஒலிக்கவில்லை. பெண்களின் கதையும் இதுவே. இஸபெல்லா பேர்டு உள்ளிட்ட 22 மாதரை 1892-93-இல் அங்கத்தினராகச் சேர்த்த அதே சங்கம், எதிர்ப்புக் கிளம்பியதும் கதவைச் சாத்திற்று. அன்று எதிர்த்தவர்களில் ஒருவரான கர்ஸன் தலைவராக இருந்தபோதே, 1913-இல், அது மீண்டும் திறந்தது. மனிதர் தம் அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ளக்கூடியவர் என்பதற்கு அது நல்ல சான்று.

எல்லாவற்றிலும் வருந்தத்தக்கது 1924 டிசம்பரில் நடந்தது. எவரெஸ்டில் மாலரியும் இர்வினும் அவ்வாண்டு ஜூன் 8-ஆம் தேதி மறைந்துபோன யாத்திரையின் படத்தை ஜான் நோயல் லண்டன் ஸ்காலா அரங்கில் திரையிட்டபோது, படத்துக்கு முன் மேடையில் ஆடிக் காட்டுவதற்காகத் திபெத்திலிருந்து புத்த பிக்ஷுக்களைக் கொண்டுவந்தார். தங்கள் சமயச் சடங்கு டிக்கெட் விற்கும் வேடிக்கையாக்கப்பட்டதைக் கேட்டு லாசா அரசாங்கம் கொதித்தது; அதன்பின் 1933 வரை எவரெஸ்டுக்கு ஒரு கூட்டத்துக்கும் அனுமதி கிடைக்காமற் போனதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு நாட்டாரைப் பற்றி அவர்கள் இல்லாத இடத்தில் பேசும்போது, அவர்கள் முன்வரிசையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருப்பதாகவே பாவித்துப் பேசவேண்டும் என்ற விதியை, அந்த ஒரு சம்பவமே நமக்குப் போதிக்கப் போதுமானது.

மேடை நல்ல பலன் தந்த கதையும் உண்டு. 1953 மே 29-ஆம் தேதி டென்ஸிங் நோர்கேயும் எட்மண்டு ஹில்லரியும் எவரெஸ்டில் ஏறிய பிறகு, அந்த யாத்திரையைப் பற்றிய நூலும் திரைப்படமும், குழுவினர் பல தேசங்களில் நிகழ்த்திய சொற்பொழிவுகளும் ஈட்டிய பணத்தில் செலவு போக மிஞ்சியதைக் கொண்டு, ஆல்பைன் கிளப்பும் ராயல் ஜியாகிராபிகல் சொஸைட்டியும் எவரெஸ்டு பவுண்டேஷன் என்ற தர்ம நிதியை நிறுவின. ஆயிரத்துக்கு மேற்பட்ட மலை யாத்திரைகளுக்கும் ஆராய்ச்சிப் பயணங்களுக்கும் அந்த நிதி உதவியிருக்கிறது.

பழைய படத் தகடுகள் இன்று எதிர்பாராத ஒரு சேவையையும் செய்கின்றன. 1921-இல் மாலரி எடுத்த ரொங்பக் பனியாற்றின் புகைப்படத்தை வைத்துக்கொண்டு, அதே இடத்தில் நின்று, டேவிட் பிரஷியர்ஸ் என்ற மலையேறி 2007-இல் மறுபடம் எடுத்தார். இரண்டையும் அடுத்தடுத்துத் திரையில் காட்டும்போது, பனி எத்தனை ஆழம் உருகி இறங்கிவிட்டது என்பதை எந்தச் சபையும் ஒரே பார்வையில் உணர்ந்துகொள்கிறது.

கைப்பேசியிலேயே உலகத்தின் மூலைமுடுக்கெல்லாம் தெரிகிற இக்காலத்திலும் இந்த மாலைகள் நலியவில்லை. கனடாவின் பான்ஃபில் 1976-இலும் இங்கிலாந்தின் கெண்டலில் 1980-இலும் தொடங்கிய மலைப்பட விழாக்களில் படத்துக்கு மட்டுமன்றிப் பேச்சுக்கும் கூட்டம் சேருகிறது. நம் நாட்டில் 1928-இல் பிறந்த ஹிமாலயன் கிளப் மும்பையிலும் வேறு நகரங்களிலும் சொற்பொழிவுகளை நடத்தி வருகிறது. பொதுவாக முக்கால் மணி அல்லது ஒரு மணி நேரப் பேச்சு, பிறகு கேள்விகள், வெளியே கூடத்தில் பேசியவரின் நூல்கள் என்ற முறையில் நிகழ்ச்சி அமைகிறது. படத்தில் எடுத்தவர் விரும்பிய பகுதி மட்டுமே தெரியும். எதிரில் நிற்கும் மனிதரிடமோ, படத்துக்கு வெளியே என்ன இருந்தது, மூட்டையைச் சுமந்தவர் யார், அவருக்குக் கூலி எவ்வளவு, திரும்பிவிடலாம் என்று நினைத்தது எந்த இடத்தில் என்றெல்லாம் கேட்கலாம்.

ஆனால் ஒரு நோய் இப்போது மேடையில் பரவி வருவதையும் சொல்லாமலிருப்பதற்கில்லை. சிகரத்தை வெல்வது எப்படி என்ற கதையை, வியாபாரத்தில் வெல்வது எப்படி என்ற உபதேசமாக மாற்றி, கம்பெனிகளின் கூட்டங்களில் விற்கும் வழக்கம் அது. அத்தகைய பேச்சில் மலையும் இல்லை, மலையில் வாழ்பவர்களும் இல்லை. பேசுபவர் ஒருவரே எல்லாத் திசையிலும் நிறைந்து நிற்கிறார். தம்மைவிடத் தாம் கண்ட இடத்தை அதிகமாக நேசிப்பவருடைய பேச்சே கேட்கத் தகுந்தது.

அண்டார்க்டிகாவில் மைத்ரி நிலையம் 1989 முதலும் பாரதி நிலையம் 2012 முதலும் இயங்குகின்றன; ஆண்டுதோறும் நம் நாட்டு விஞ்ஞானிகளும் வைத்தியர்களும் தொழில்நுட்பப் பணியாளர்களும் அங்கே குளிர்காலத்தைக் கழித்துவிட்டுத் திரும்புகிறார்கள். இமயத்தின் எல்லைக் காவலில் பல வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர்கள் நம் தமிழ்நாட்டு ஊர்களில் வசிக்கிறார்கள். பெரிய செலவு எதுவும் வேண்டியதில்லை. ஒரு நூலகக் கூடமும், வெள்ளைச் சுவரும், படங்காட்டும் சாதனமும் போதும். வாசகசாலை நடத்துகிறவர்களும், பள்ளி ஆசிரியர்களும், இலக்கிய மன்றத்தாரும் அவர்களைத் தேடிச் சென்று அழைக்கவேண்டும். அழைத்தால் மாலை போட்டு அனுப்பிவிடாமல், பேசுவதற்கு ஒரு மணி நேரமும், பிள்ளைகள் கேள்வி கேட்பதற்கு அதற்குக் குறையாத நேரமும் ஒதுக்கவேண்டும்.